தம்பி முளைத்த இடம்

"அம்மா! தம்பி வந்துட்டான்! ஓடியாம்மா, தம்பி வந்துட்டான்!"

கயல் கத்திக்கொண்டே வந்தபோது நான் அடுப்படியில் ராகிக் களி கிண்டிக்கொண்டிருந்தேன். முழங்கை வரை சேறு. பாவாடை முழுக்க ஈரம். வாசற்படியில் நின்று மூச்சு வாங்கினாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது நிறைந்திருக்கவில்லை. அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை.

மழை விட்டு ஓரிரு நாள்தான் ஆகியிருந்தது. சில்வர் ஓக் மரங்கள் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தன. களியை இறக்கி வைக்கக்கூட விடாமல் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். காப்பிச் செடிகளுக்கு நடுவே இறங்க இறங்க, எங்கே போகிறோம் என்று எனக்குப் பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. தோட்டத்தின் கீழ்க்கோடி. ஆரஞ்சு மரத்துக்குப் பக்கம். நான் அதுவரை கால் வைக்காத இடம்.

"பாரு," என்றாள்.

ஈர மண்ணைப் பிளந்துகொண்டு தடிமனாக இரண்டு இலைகள் நின்றன. ஒரு இலையின் நுனியில் விதையின் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாந்தான் மொதல்ல பாத்தேன். அப்பாகிட்ட நாந்தான் சொல்லுவேன். நீ சொல்லக் கூடாது."

அந்த இடத்தில்தான் என் மகனைப் புதைத்திருந்தோம்.

குழிக்குப் போகும் கிண்ணம்

முதல் தடவையாக இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போகிறேன். நானும் என் கணவர் பிரபுவும் சேலத்துக்காரர்கள். கயல் என் வயிற்றில் இருந்தபோது வேலைகளை விட்டுவிட்டு, ஏற்காட்டுக்கு மேலே நாகலூர் தாண்டி ஒரு சின்னக் காப்பித் தோட்டத்தையும் அதிலிருந்த ஓட்டு வீட்டையும் வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தோம். ரசாயனம் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது, குப்பை வண்டி கிடையாது. பிள்ளையை மண்ணோடு வளர்ப்பது என்று முடிவு. சொந்தக்காரர்கள் எங்களைப் பற்றிப் பேசும்போது ஆள்காட்டி விரலை நெற்றியோரம் வைத்துச் சுழற்றுவார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

போன வாரம் துணி நாப்கின் பற்றி எழுதியதற்கு, மழைக்காலத்தில் எப்படிக் காயவைத்தீர்கள் என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். எங்கேயம்மா காய்ந்தது? ஏற்காட்டு மழை பிடித்துக்கொண்டால் துணி கொடியிலேயே பூஞ்சைக் காளான் பூத்துவிடும். விறகடுப்புக்கு மேலே கயிறு கட்டித் தொங்கவிட்டோம். பிரபுவின் அக்கா ஒருமுறை வந்து கயலைத் தூக்கி மோந்து பார்த்துவிட்டு, "புள்ளையா வளத்தறீங்க, கருவாடா போடறீங்க?" என்று கேட்டார். அண்ணிக்கு வாய் கொஞ்சம் கூர்மை. மனசு அப்படியல்ல, அது பின்னால் தெரியும்.

அந்த வீட்டின் நடுநாயகம் எருக்குழி. வீட்டுக்குப் பின்னால் ஆள் இறங்கும் அளவுக்கு வெட்டி, காய்த் தோலிலிருந்து கிழிந்த பருத்தித் துணி வரைக்கும் எல்லாம் அதற்குள்தான். சமையலறையில் ஒரு மண் கிண்ணம். அது நிறைந்ததும் குழியில் கொட்டிவிட்டு வருவது கயலின் வேலை. நடக்கப் பழகியதிலிருந்து அவளுடைய வேலை.

கிண்ணத்தைக் கையில் கொடுக்கும்போது பிரபு தவறாமல் சொல்வார்: "மண்ணுக்குக் குடுத்துட்டு வா சாமி."

அவள் போய்க் கொட்டிவிட்டு வருவாள். "குடுத்துட்டேன்."

"மண்ணு என்ன பண்ணும்?"

"திருப்பிக் குடுக்கும்!"

இது எங்கள் வீட்டில் தினமும் நடக்கும். சாமி கும்பிடுகிற வீட்டில் பிள்ளைகள் விபூதி பூசிக்கொள்வதுபோல எங்கள் வீட்டில் இது. ஒருமுறை கோழிக்குஞ்சு ஒன்று செத்துப்போனது. கயலே அதை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லையில் புதைத்து, மேலே எருவும் போட்டாள். சில மாதத்தில் அங்கே ஒரு மிளகாய்ச் செடி வந்து காய்த்துக் குலுங்கியது. "கோழி மொளகாயாயிருச்சு" என்று வருகிறவர் போகிறவர் எல்லோரிடமும் சொன்னாள். நாங்கள் சிரித்தோம். அழகாக இருக்கிறது என்று போனில் வீடியோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பினோம்.

உண்மையில் அது எங்கள் குழியின் கோளாறு. இந்தக் குளிரில் குழிக்குள் போதுமான சூடு பிறப்பதில்லை. சூடு இல்லாவிட்டால் உள்ளே கிடக்கிற விதைகள் சாவதில்லை. எருவை எங்கே போட்டாலும் அங்கே தக்காளியோ மிளகாயோ கேட்காமலே முளைக்கும். இதை யாரும் கயலிடம் விளக்கவில்லை. விளக்க வேண்டும் என்று தோன்றவும் இல்லை.

ஐப்பசி

தம்பி வரப்போகிறான் என்பது கயலுக்குத் தெரியும். தம்பிதான் என்று அவளாகவே முடிவு செய்திருந்தாள். அவளுடைய பழைய துணி நாப்கின்களை எடுத்துத் துவைத்து மடித்து வைத்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்து தானும் மடித்தாள்.

மாதம் தவறாமல் சேலத்துக்கு இறங்கிப் போய் டாக்டரைப் பார்த்தோம். எடுக்க வேண்டிய ஸ்கேன் எல்லாம் எடுத்தோம். இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏழாம் மாதத்தில், ஐப்பசி அடைமழையில், ஒரு பிற்பகல் பனிக்குடம் உடைந்துவிட்டது. ஜீப் பிடித்துக் கீழே போய்ச் சேர்ந்தோம். பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு நாள் இருந்தான். கையை உள்ளே விட்டு ஒரு விரலால் தொடலாம் என்றார்கள். தொட்டேன். மூன்றாம் நாள் காலையில் போய்விட்டான்.

யார் தவறும் இல்லை, சில சமயம் இப்படி ஆகிவிடுகிறது என்று டாக்டர் சொன்னார். உட்கார்ந்து நிதானமாகச் சொன்னார். அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

அதற்குள் எனக்குப் பால் கட்டிக்கொண்டது. உடம்புக்கு விஷயம் தெரியாது அல்லவா. எதையும் வீணாக்காத வீடு என்று பெயரெடுத்தவள் நான். அரிசி களைந்த தண்ணீரைக்கூடச் செடிக்கு ஊற்றுகிறவள். அந்தப் பாலைப் பீய்ச்சி ஆஸ்பத்திரி வாஷ்பேசினில் விட்டுக் குழாயைத் திறந்துவிட்டேன்.

பச்சைக் குழந்தையை எரிப்பதில்லை, புதைப்பதுதான் எங்கள் வழக்கம். நம் மண்ணிலேயே இருக்கட்டும் என்று பிரபு சொன்னார். மலைக்கு மேலே கொண்டுவந்தோம். பெற்றவள் அந்த இடத்துக்கு வரக் கூடாது என்றார்கள். வருவதற்கு என் காலிலும் தெம்பில்லை. அண்ணி என்னைப் பிடித்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம் இறங்கியிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை.

கயல் எப்போது நழுவி அப்பா பின்னால் போனாள் என்று யாரும் பார்க்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றியதைக் குழிக்குள் வைக்கும்போதுதான் பிரபு அவளைக் கவனித்திருக்கிறார்.

"தம்பிய மண்ணுக்குக் குடுக்கறமாப்பா?"

"ஆமா சாமி."

வேறு என்ன சொல்லியிருக்க முடியும்? அவருக்கு அந்த நேரத்தில் வாயிலிருந்து அது வந்ததே பெரிது. மண் என்ன பண்ணும் என்று அன்றைக்கு அவர் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை, பதில்தான் அவளுக்குத் தெரியுமே.

கடையில்

மலையில் போய்க் கிடந்தால் இப்படித்தான் என்று பேச்சு வந்தது. நேராக யாரும் சொல்லவில்லை. "டவுன்ல இருந்திருந்தா டக்குனு ஆஸ்பத்திரி போயிருக்கலாம்ல" என்று ஒருவர். "ஏனுங்க, சத்து மாத்திரையெல்லாம் சாப்பிட்டுச்சா, இல்ல அதுவும் கெமிக்கலுன்னு உட்ருச்சா?" என்று இன்னொருவர், நான் பக்கத்து அறையில் இருக்கும்போதே. சாப்பிட்டேன். ஒரு நாள் தவறாமல் சாப்பிட்டேன். எழுந்து போய்ச் சொல்லியிருக்கலாம். என் மூச்சை யாருக்காகச் செலவழிப்பது என்று படுத்திருந்தேன்.

பல நாள் கழித்து முதன்முதலாக ஏற்காடு பஜாருக்குப் போனேன். தூக்குப் போசியில் எண்ணெய் ஊற்றித் தருகிற கடை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் பாக்கெட் வேண்டாம் என்று நான் ஆரம்பத்தில் அடம்பிடித்தபோது சலித்துக்கொள்ளாமல் அளந்து ஊற்றிக் கொடுத்த பாய் அவர். அன்றைக்குப் போசியை வாங்கிக்கொண்டே என் வயிற்றைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"அட, பொறந்துருச்சுங்களா! என்ன கொழந்தைங்க? நம்ம பாப்பாவுக்கு இனி வெளையாட ஆளு வந்தாச்சு."

என் சேலை ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருந்த கயல்தான் சொன்னாள்.

"தம்பிங்க. இன்னும் வரல. மண்ணுக்குள்ள இருக்கான்."

பாயின் கை அப்படியே நின்றது. எண்ணெயை ஊற்றி, மூடியைத் துணியால் துடைத்து, என் கையில் கொடுக்கும்போது மட்டும் குனிந்துகொண்டார்.

பஸ்ஸில் வரும்போது நினைத்தேன், பிள்ளை என்னமோ தெரியாமல் சொல்கிறது என்று. ‘இன்னும்’ என்ற சொல்லை நான் பிடித்திருக்க வேண்டும்.

பிடுங்க விடவில்லை

முளைத்தது பூசணி. அது எப்படி அங்கே வந்தது என்று பிரபுதான் கண்டுபிடித்தார். அன்றாடம் கொட்டாங்குச்சியில் குழியிலிருந்து எருவை அள்ளிக்கொண்டுபோய் அவள் அங்கே போட்டுவந்திருக்கிறாள். யாரும் சொல்லித் தரவில்லை. கோழிக்குச் செய்ததைத் தம்பிக்கும் செய்திருக்கிறாள்.

மூன்றாவது இலை விட்டதும் அது என்ன செடி என்று கயலுக்கே தெரிந்துவிட்டது. ஏமாறுவாள், விஷயம் அதோடு முடியும் என்று நினைத்தேன். அவள் ஏமாறவில்லை. தம்பி பூசணியாக வருகிறான் என்றாள். முதலில் கொடி, அப்புறம் பூ, அப்புறம் காய். காய்க்குள் தம்பி. எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் தெரியுமா! நாங்கள் சொல்லிக்கொடுத்த பாடத்தில் ஓர் எழுத்துகூட அவள் மாற்றவில்லை.

பிரபு அன்று மாலை கயல் குளித்துக்கொண்டிருக்கும்போது என்னிடம் வந்தார்.

"அதப் பிடுங்கிடறேன் சுகந்தி. ஆடு மேஞ்சிருச்சுன்னு சொல்லிக்கலாம்."

"தொடாதீங்க."

"கொழந்தை என்னத்தையோ நம்பிட்டு இருக்குது. பெருசாக ஆக இன்னும் கஷ்டம்."

"தொடாதீங்கன்னா தொடாதீங்க. இப்பப் பிடுங்குனா அவ தாங்க மாட்டா."

"அப்ப நீயாச்சும் எடுத்துச் சொல்லு."

"சொல்றேன். நேரம் வரட்டும்."

நேரம் வரவில்லை. கொடி ஓடியது. கார்த்திகை போய் மார்கழி வந்தது. காப்பிப் பழம் பறிக்கிற காலம், ஆட்களோடு ஆளாக நாங்களும் பறித்தோம். கயல் காலையில் எழுந்ததும் கீழே ஓடிக் கொடியைப் பார்த்துவிட்டு வந்துதான் பல் துலக்குவாள். அதனிடம் அவள் பேசுவதும் காதில் விழும். இன்றைக்குக் களி, நேற்றுப் பழைய சோறு, அப்பா தலைமுடி வெட்டிக்கொண்டார் என்று வீட்டுச் செய்தியெல்லாம் சொல்வாள்.

தை பிறந்ததும் மழை சுத்தமாக நின்றுபோனது. தினம் ஒரு சொம்பு தண்ணீர் அவள் கொண்டுபோய் ஊற்றினாள். இடையில் காய்ச்சல் வந்து படுத்தாள். படுத்துக்கொண்டே, "தம்பிக்குத் தண்ணி?" என்று கேட்டாள். நான் ஊற்றிவிட்டு வருகிறேன் என்று சொல்லி, அரிசி களைந்த தண்ணீரை எடுத்துக்கொண்டு போனேன்.

காய்ச்சல் விட்டது. அவள் மறுபடியும் ஓடத் தொடங்கினாள். ஆனால் நானும் போய்க்கொண்டிருந்தேன். உலை வைத்துவிட்டு, பிரபு தோட்டத்து மேல்பக்கம் போன பிறகு, அந்தத் தண்ணீரைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாக இறங்குவேன். ஊற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நிற்பேன். வாடிப்போனால் பிள்ளை அழும், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வீட்டுக் கீரைப் பாத்தி அந்தத் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோனது. பிரபு அதைப் பார்த்துவிட்டு மேல்பக்கம் போய்விட்டார்.

காய்

ஒரே ஒரு காய்தான் நின்றது. மற்றப் பிஞ்செல்லாம் வெம்பி உதிர்ந்தன. மாசியில் அது கயல் இரண்டு கையாலும் அணைத்தால்தான் பிடிபடும் என்கிற அளவுக்கு ஆகியிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணி வந்தார். வந்தவர் தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போய்விட்டுத் திரும்பினார். அவர் முகம் சரியில்லை. சாப்பிட இலை போட்டுக்கொண்டிருந்தேன்.

"சுகந்தி, அங்க ஒரு பூசணிக்கா கெடக்குதே."

"ஆமாங்க அண்ணி."

"அது ஊட்டுக்குள்ள வரக் கூடாது கண்ணு. யாரும் அதத் திங்கக் கூடாது. பறிச்சு எங்கியாச்சும் ஓடையில போட்டுரச் சொல்லு பிரபுவ. கொடியையும் அறுத்துப் போடட்டும்." சொல்லிக்கொண்டே அழ ஆரம்பித்துவிட்டார். "நானும் அந்தப் புள்ளையத் தூக்கிட்டு வந்தவதான். கார்ல கீழ இருந்து மேல வரைக்கும் எம் மடியிலதான் இருந்துது. எனக்கு அந்தக் காயப் பாக்க முடியல கண்ணு."

அவர் மடியில்தான் வந்தான் என்பது எனக்கு அதுவரை நினைவிலேயே இல்லை. அந்தப் பயணத்தில் நான் எதையும் பார்க்கவில்லை. அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் வாசலில் கயல் நிற்பதைப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அறுக்கிறது, ஓடையில் போடுகிறது எல்லாம்.

கத்தவில்லை. திரும்பி ஓடினாள்.

நான் போய்ச் சேரும்போது காயை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொடியின் சுணை பட்டு முழங்கையெல்லாம் சிவந்திருந்தது.

"ஓடையில போடக் கூடாது. தம்பி முழுகிருவான்."

"போட மாட்டாங்க சாமி."

"அறுக்கறதுன்னா நீதான் அறுக்கணும். மெதுவா அறுக்கணும். கத்தி அவன் மேல பட்டுரும்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை. அந்தக் கத்தி இறங்குவதை நான் மனக்கண்ணில் பார்த்துவிட்டேன். அவளுக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்தேன்.

"கயல், இங்க பாரு. இதுக்குள்ள தம்பி இல்ல. தம்பி செத்துப்போயிட்டான். அவன் வர மாட்டான்."

இத்தனை மாதத்தில் அந்த வார்த்தையை நான் சொன்னதில்லை. போய்விட்டான், இல்லாமல் போய்விட்டது, அப்படி ஆகிவிட்டது என்றெல்லாம்தான் சொல்லியிருக்கிறேன். சொன்ன பிறகு என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

கயல் என்னை நம்பாமல் பார்த்தாள். "கோழி மொளகாயா வந்துச்சு."

"கோழி வரல சாமி. நீ போட்ட எருவுல மொளகா விதை இருந்துச்சு. அதான் மொளைச்சுது. இதுவும் அப்படித்தான். நாம தின்ன பூசணியோட விதை. உள்ள சதையும் விதையுந்தான் இருக்கும்."

"மண்ணு திருப்பிக் குடுக்காதா?"

"செடியக் குடுக்கும். காயக் குடுக்கும். ஆளுங்களக் குடுக்காது."

கயல் காயின் மேலே ஒட்டியிருந்த மண்ணை விரலால் தட்டிவிட்டாள். பிறகு கேட்டாள்.

"உனக்கு இது எப்பத் தெரியும்?"

"மொதல்ல இருந்தே தெரியும்."

"அப்பறம் ஏம்மா தெனமும் வந்து தண்ணி ஊத்துன?"

அவளுக்குத் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். கொடி வாடிவிடும் என்று, நீ அழுவாய் என்று, ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆஸ்பத்திரியில் அழாதது, கடையில் அழாதது எல்லாம் அங்கே வந்துவிட்டது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். அவள் பயப்படவில்லை. அழுது முடியும் வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயும் தம்பி வருவான்னுதான் பாத்துட்டு இருந்தியா?"

"ஆமா சாமி."

அவள் காயைக் கீழே வைத்தாள். கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டாள்.